மாடித்தோட்டத்தில் ஊறுகாய் போடாதீர்கள்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் முதல் கோடைக்கு வைத்த பதினாறு செடிகளில், மே மாதக் கடைசியில் மிஞ்சியவை மூன்று. இரண்டு கத்தரி, ஒரு கொத்தவரை. வெயில் கொன்றுவிட்டது என்றுதான் பார்ப்பவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். வடகம் காயவைக்க மாடிக்கு வந்த எதிர்வீட்டுப் பாட்டி, காலித் தொட்டிகளின் விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருந்ததை விரலால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார். "செடி வளர்த்தாயா தம்பி, ஊறுகாய் போட்டாயா?" என்று கேட்டுவிட்டு வடகத்தைப் பரப்பப் போய்விட்டார்.

வடசென்னையில் கோடைத்தோட்டம் போடுகிறவர்கள் செய்யும் தவறுகளில் பாதி அந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறிய கதை பல பத்தாண்டுப் பழையது. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டிய தெருக்களில் பல வீட்டுப் போர்வெல் தண்ணீரில் சோப்பு நுரைப்பதே அதிசயம். 2010இல் காட்டுப்பள்ளியில் நாளுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. அப்படி உப்பு நீக்கிக் குழாயில் வரும் தண்ணீரைக் குடத்தில் பத்திரமாகப் பிடித்து வைத்துக்கொள்கிறோம். செடிக்கு மட்டும் போர்வெல் குழாயைத் திறந்துவிடுகிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 1,500 மில்லிகிராம் உப்பு கரைந்த தண்ணீரை ஒரு தொட்டிக்கு நாளுக்கு 2 லிட்டர் ஊற்றினால், உள்ளே போவது 3 கிராம் உப்பு. வெயில் தண்ணீரை மட்டும்தான் எடுத்துக்கொண்டு போகும், உப்பைத் தொடாது. அடியில் வடியாமல் இருந்தால் 60 நாளில் 180 கிராம். சமையலில் உப்புப் போடுகிறவர்களுக்கு அது எத்தனை கைப்பிடி என்று தெரியும்.

மண்ணில் உப்பு ஏறிவிட்டால் வேரால் நீரை இழுக்க முடியாது. ஈரத்தில் நின்றுகொண்டே செடி தாகத்தில் வாடும். முதலில் இலை நுனியும் ஓரமும் தீய்ந்ததுபோல் பழுப்பாகும். அதைப் பார்த்துத் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் இரண்டு குவளை அதே தண்ணீரை ஊற்றுவோம். பிறகு சத்து போதவில்லை என்று ஒரு பிடி யூரியா போடுவோம். யூரியா கரைந்தாலும் அந்த மண்கரைசலில் சுமை கூடத்தான் செய்யும். நான் இரண்டையும் செய்தேன்.

இதில் ஒரு சிக்கனத் தவறும் உண்டு. ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு ஊற்றுகிறவர்கள் ஏராளம். உள்ளே போன தண்ணீரின் உப்பெல்லாம் அந்தக் கழிவு நீரில்தான் சேர்ந்திருக்கிறது. ஏற்கெனவே உப்பான போர்வெல் தண்ணீரை வடிகட்டிய மிச்சம் என்றால் கேட்கவே வேண்டாம். அது தரை துடைக்க ஆகும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைத்தான் சேர்த்து வைக்க வேண்டும், அதில் உப்பே கிடையாது எனலாம். அரிசி, பருப்பு கழுவிய நீரும் நல்லது.

நல்ல தண்ணீர் தினமும் கிடைக்காதவர்கள் என்ன செய்வது? பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது, குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீர் தாராளமாக வரும் நாளில், தொட்டியின் அடித்துளை வழியே ஒழுகும் அளவுக்கு ஊற்றி மண்ணைக் கழுவிவிட வேண்டும். துளை அடைபட்டிருந்தால் இது நடக்காது. தொட்டியை நேராகத் தளத்தில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வைத்தால் துளையும் அடையாது, மாடித் தளமும் ஊறாது. தென்னைநார்க் கழிவுக் கட்டி வாங்குகிறவர்களும் கவனிக்க வேண்டும்: அதிலும் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே மண்ணோடு கலக்க வேண்டும். அப்படியும் உங்கள் தண்ணீர் கரிக்கிறதென்றால் பீன்ஸை மறந்துவிடுங்கள்; உப்பு அதற்கு ஆகவே ஆகாது. கொத்தவரையும் காராமணியும் ஓரளவு தாங்கும். என் மாடியில் கொத்தவரை பிழைத்தது தற்செயல் இல்லை என்று பிறகுதான் புரிந்தது.

அடுத்தது நேரம். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விட்டதும் ஆசையாக விதை போடுவது நம் வழக்கம். அது ஏப்ரல் கடைசி. நாற்று இரண்டு இலை விடும்போது கத்திரி வெயில் தொடங்கிவிடும். கோடையில் காய் வேண்டுமென்றால் மாசியில் விதைத்திருக்க வேண்டும். வெண்டை விதைத்து 45 நாள் வாக்கில் காய்க்கும். மே முதல் வாரத்தில் அது ஆழமாக வேர்விட்டு வெயிலோடு மல்லுக்கட்டத் தயாராக இருக்கும். மாசியைத் தவறவிட்டவர்கள் தண்டுக்கீரையோ கொடிப்பசலையோ போட்டுவிட்டு ஆடிப்பட்டத்துக்குக் காத்திருப்பதே மேல்.

தக்காளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாரும் அதைத்தான் முதலில் வைக்கிறார்கள். செடி செழிப்பாக வளரும், கொத்துக் கொத்தாகப் பூக்கும், பிறகு பூவெல்லாம் காம்போடு உதிரும். அது நோயில்லை. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினாலும் இரவு குளிராவிட்டாலும் தக்காளியின் மகரந்தம் வேலை செய்யாது. மே மாதத்தில் சென்னையின் இரவுகள் பெரும்பாலும் 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. இந்த நிலையில் பூ உதிர்வதைத் தடுக்கும் மருந்து என்று எதை வாங்கித் தெளித்தாலும் காசுதான் உதிரும். தக்காளியை மார்கழி, தைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மே மாதத்தில் காய்கறிக் கடைக்குப் போவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

மதியம் ஒரு மணிக்கு மாடிக்குப் போய்ப் பார்ப்பதே தவறு என்பேன். கத்தரியும் புடலையும் அந்த நேரத்தில் இலையைத் தொங்கவிட்டுத்தான் நிற்கும். இலை விடும் ஈரத்துக்கு வேர் ஈடுகொடுக்க முடியாத நேரம் அது. மாலையில் கடற்காற்று வந்து வெயில் தணிந்ததும் தானே நிமிரும். பதறிப்போய் அப்போதே ஊற்றும் தண்ணீர், மாடி டேங்கில் இருக்கும் தண்ணீர் என்றால், கை சுடும் சூட்டில் இருக்கும். காலை ஆறு மணிக்கு விரலை மண்ணில் இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் ஊற்றினால் போதும். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டிகளில் வேரே வெந்துவிடும். காசிமேட்டு மீன் வியாபாரிகள் கழித்துப்போடும் தெர்மாக்கோல் பெட்டிகள் இதற்கு அருமையான மாற்று; சூடு உள்ளே இறங்காது. நன்றாகக் கழுவி, வீச்சமும் உப்பும் போன பிறகு அடியில் துளையிட வேண்டும்.

மீன் என்றதும் ஞாபகம் வருகிறது. மீன் கழிவு செடிக்கு நல்லது என்று கேள்விப்பட்டு, செதிலையும் குடலையும் பச்சையாகத் தொட்டியில் புதைத்தார் என் நண்பர் ஒருவர். மறுநாள் காலை தெருவின் பூனைகள் அத்தனையும் அவர் மாடியில்தான். மண் ஒருபக்கம், செடி ஒருபக்கம். சம அளவு வெல்லம் சேர்த்து மூன்று வாரம் மூடிவைத்து, வடித்து, லிட்டருக்கு 5 மில்லிக்கு மிகாமல் கலந்து ஊற்றுவதுதான் மீன் அமிலம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் கழிவு கிடைப்பதும் குறைவு; அதற்கு முன்பே தயாரித்துவிட வேண்டும்.

மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கிறவர்கள் வெயில் இறங்கிய பிறகு தெளியுங்கள்; உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகிவிடும். வெண்டை இலையில் நரம்புகள் மஞ்சளானால் அது வெள்ளை ஈ கொண்டுவரும் தேமல் நோய், மருந்தில்லை. அந்தச் செடியைப் பிடுங்கிவிட வேண்டும். பசுமை வலை கட்டுகிறவர்கள் வெயிலில் பாதியைத் தடுக்கும் 50 சதவீத வலையை, மேற்கு வெயிலை மறைக்கிற மாதிரி ஆளுயரத்துக்கு மேலே கட்டுங்கள். நான்கு பக்கமும் மூடினால் கடற்காற்றில் வலை பாய்மரமாகிக் கம்பைப் பிடுங்கிக்கொண்டு போகும்.

மே கடைசியில் எல்லாரும் செய்யும் ஒரு காரியம் இருக்கிறது: இலை சுருங்கிக் காய்ப்பும் நின்றுபோன கத்தரியைப் பிடுங்கி எறிவது. நானும் என் இரண்டு செடிகளைப் பிடுங்கத்தான் போனேன். பாட்டி தடுத்து, அரை அடி தண்டை மட்டும் விட்டு வெட்டச் சொன்னார். ஜூன் நடுவில் இரண்டு மாலை இடியோடு மழை பெய்தது. விளிம்பிலிருந்த வெள்ளைப் படிவும் கரைந்து ஓடியது. ஒரு வாரத்தில் வெட்டிய தண்டின் கணுக்களில் ஊதாநிறத் துளிர்கள் முட்டிக்கொண்டு வந்திருந்தன.