மாரியில் பிள்ளைகளை ஏற்றிச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் கிழக்கில் மாரி ஐப்பசியில் தொடங்கித் தை வரை நீளும். ஆண்டு மழையின் பெரும்பகுதி இந்த மாதங்களுக்குள்ளேயே மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. பாடசாலையோ காலை ஏழரைக்கே தொடங்குகிறது என்பதால், மழை விடட்டும் என்று காத்திருக்க எல்லா நாளும் முடிவதில்லை. இக்காலத்தில் பெற்றோர் செய்யும் தவறுகளைக் கூர்ந்து பார்த்தால், பிள்ளை நனைந்துவிடக் கூடாதே என்ற அக்கறையே அவற்றுள் பலவற்றுக்குக் காரணமாக இருப்பது தெரியும். நனைந்த பிள்ளையைத் துவாயால் துவட்டி உடை மாற்றிவிடலாம். அந்த நனைவைத் தவிர்க்கச் செய்யும் சில வேலைகளின் விளைவை அப்படி மாற்ற முடியாது.

இங்கே அதிகமான குடும்பங்களுக்கு மோட்டார் சைக்கிள்தான் வாகனம். தகப்பன் றெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு, அதன் முன்பகுதிக்குள் சின்னப் பிள்ளையைப் பெற்றோல் தாங்கியின் மேல் இருத்தி மூடிக்கொண்டு போவதை ஆரையம்பதி முதல் அக்கரைப்பற்று வரை எந்த மழைக் காலையிலும் காணலாம். பிள்ளை நனையாமல் போய்ச் சேரும் என்பது உண்மைதான். ஆனால் உள்ளே இருக்கும் பிள்ளைக்கு எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. குழியில் வண்டி இறங்கப்போவதைக் கண்டு இறுக்கிப் பிடித்துக்கொள்ளவும் அதனால் முடியாது. வண்டி சறுக்கினால் துணிக்குள் சிக்குண்டபடியே விழும், அல்லது ஹாண்டிலுக்கும் தகப்பனின் நெஞ்சுக்கும் இடையில் நசியும். பின்னால் இருக்கும் தாயின் றெயின்கோட்டுக்குள் பிள்ளையை மறைத்துக்கொண்டு போவதிலும் இதே ஆபத்துத்தான். அதோடு றெயின்கோட்டின் தொங்கும் விளிம்போ சேலைத் தலைப்போ பின் சக்கரத்தில் சுற்றிக்கொள்ளவும் கூடும். பிள்ளையின் அளவுக்கேற்ற, மேற்சட்டையும் காற்சட்டையுமாகத் தனித்தனியே உள்ள றெயின்கோட் ஒன்றை வாங்கி அணிவித்து, அளவான தலைக்கவசமும் போட்டு, பின்னால் பெரியவர் ஒருவர் அணைத்துப் பிடிக்க நடுவில் இருத்திச் செல்லுங்கள். கால் மிதிகட்டையை எட்டாத பிள்ளையை மழைநாளில் மோட்டார் சைக்கிளில் ஏற்றாமல் விடுவதே நல்லது என்பது என் எண்ணம். அன்றைக்கு முச்சக்கர வண்டிக்குக் கொடுக்கும் காசை வீண்செலவாக நினைக்க வேண்டாம். குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு பின்னால் இருப்பதை அறவே நிறுத்த வேண்டும். கல்லடிப் பாலம் போன்ற வெட்டவெளியில் வண்டி ஏறும்போது காற்று குடைக்குள் புகுந்து, ஓட்டுபவரையே பக்கவாட்டில் இழுத்துவிடும்.

பாடசாலைச் சப்பாத்து நனையாமல் இருக்க அதைக் கழற்றி, காலுறையோடு ஒரு ஷொப்பிங் பையில் போட்டு ஹாண்டிலில் கொழுவிவிட்டு, பிள்ளையை வெறுங்காலுடன் ஏற்றுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். வெறுங்கால் ஈரத்தில் மிதிகட்டையை விட்டு வழுக்கினால் ஒரு பக்கம் சூடான சைலன்சர், மறு பக்கம் சுழலும் சக்கரக் கம்பிகள். குதிக்கால் கம்பிக்குள் அகப்பட்டால் சதையோடு எலும்பும் சேர்ந்து போகும் அளவுக்குக் காயம் ஆழமாகிவிடும். ஹாண்டிலில் ஆடும் பையோ பிரேக் பிடிக்கும் கைக்கு இடைஞ்சல். பழைய செருப்பொன்றைப் பின்வாருடன் இறுக்கி அணிவித்து, சப்பாத்தைப் புத்தகப் பைக்குள் வைத்துவிட்டால் போதும்.

இனி, வெள்ளம். 2024 நவம்பர் 26ஆம் திகதி, காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையிலான வீதியை வெள்ளம் குறுக்கறுத்துப் பாய்ந்துகொண்டிருந்த வேளையில், மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிய மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் கவிழ்ந்து, மாணவர்கள் பலர் உயிரிழந்தார்கள். நம் பகுதியில் வெள்ளத்தைக் கடக்க உழவு இயந்திரத்தையே எல்லாரும் நம்புகிறோம். அந்த நம்பிக்கையை நீரின் வேகம் பொருட்படுத்துவதில்லை. வேகமாக ஓடும் நீர் அரை அடி இருந்தாலே வளர்ந்த ஒருவரைத் தடுமாறி விழச் செய்யும். ஓரடி நீர் சிறிய காரை நகர்த்தும். இரண்டடி நீர் பெரும்பாலான வாகனங்களை அள்ளிச் செல்லும். கலங்கிய நீருக்கு அடியில் தார் வீதி அரித்துப் போயிருக்கிறதா, வீதியின் ஓரம் எங்கே முடிகிறது என்பதை மேலே நின்று எவராலும் சொல்ல முடியாது. முன்னால் ஒருவர் கடந்துவிட்டார் என்பது நாமும் கடக்கலாம் என்பதற்குச் சான்று ஆகாது. கிட்டங்கித் தாம்போதி என்ற தாழ்ந்த வீதிப் பாலத்தைப் போல ஆண்டுதோறும் நீர் மேவிப் பாயும் இடங்களில் பிள்ளையோடு இறங்கவே வேண்டாம். சுற்றுப் பாதை எவ்வளவு தூரமானாலும் அதிலேயே போங்கள், அதுவும் இல்லையென்றால் திரும்பிவிடுங்கள்.

வானம் வெளுத்துவிட்டால் ஆபத்தும் விட்டது என்று எண்ணுவது இதனோடு சேர்ந்த தவறு. மேற்கே பெய்த மழை முந்தானையாற்றின் வழியாகக் கிரானையும் சித்தாண்டியையும் வந்தடைய நேரம் எடுக்கும். உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டால் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் சில வீதிகளில் வெயில் எறிக்கும்போதே நீர் ஏறும். காலையில் உலர்ந்து கிடந்த வீதி, பகல் ஒன்றரைக்குப் பாடசாலை விடும்போது முழங்காலளவு நீருக்குள் இருக்கலாம். ஆகவே பிள்ளையைக் கூட்டிவரப் புறப்படும் முன், அந்தப் பக்கத்தில் இருக்கும் ஒருவருக்கு அழைப்பு எடுத்துக் கேளுங்கள். வீதி மூடப்பட்டால் பிள்ளை யார் வீட்டில் நிற்பது என்பதை மாரி தொடங்கும்போதே வகுப்பாசிரியரிடம் சொல்லிவைத்தால், எப்படியாவது போய்ச் சேர வேண்டும் என்ற பதற்றத்துக்கே இடமிராது.

கார் வைத்திருப்போரின் தவறுகள் வேறு விதமானவை. கனடாவிலும் சுவிஸிலும் இருக்கும் உறவினர்களைக் கேட்டுப் பாருங்கள்: பனிக்காலத்தில் பிள்ளையைக் கார் இருக்கையில் பட்டி கட்டி இருத்தும் முன், தடித்த குளிர்ச்சட்டையைக் கழற்றச் சொல்லியே அங்கே அறிவுறுத்துகிறார்கள். மோதலின்போது அந்தச் சட்டை நசுங்கிப் பட்டி தளர்ந்துவிடும், பிள்ளை அதிலிருந்து வழுவிவிடும் என்பதே காரணம். இங்கே நாம் போடும் உப்பிய றெயின்கோட்டுக்கும் இது பொருந்தும். ஏறியதும் கழற்றிவிட்டு, உலர்ந்த துவாய் ஒன்றைப் பட்டிக்கு மேலால் போர்த்திவிடுங்கள். மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் அமர்வதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தை, மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் கார் பத்தில் ஒரு விநாடிக்குள் மோதி நிற்கும்போது, நூறு கிலோவுக்கும் அதிகமான பாரத்துக்குச் சமமான விசையோடு முன்னால் பாயும். எந்தத் தாயின் கையாலும் அதைத் தாங்க முடியாது. பின்னோக்கிய குழந்தை இருக்கையை, காற்றுப்பை இயங்கும் முன் இருக்கையில் பூட்டுவதும் உயிராபத்தானது.

நனைந்த உடைகளோடு பிள்ளைகள் ஏறினால் ஐந்து நிமிடத்துக்குள் கண்ணாடி முழுவதும் ஆவி படர்ந்துவிடும். குளிரும் என்று ஏசியை நிறுத்திவிட்டு, ஒரு கையால் துணி கொண்டு துடைத்தபடி ஓட்டுவோர் அநேகம். ஏசியைப் போட்டு, காற்றை முன் கண்ணாடிப் பக்கம் திருப்பி, வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்தால் ஈரப்பதம் தானே நீங்கும். ஏசி இல்லாவிட்டால் இரு பக்கக் கண்ணாடிகளையும் சிறிது இறக்கிவிடலாம். பிள்ளையின் தோளில் நாலு துளி விழுந்தால் விழட்டும்.

பெரிய வீதிகளெல்லாம் காபட் எனப்படும் மழமழப்பான தார்ப்பூச்சு போடப்பட்ட பின் வேகம் கூடிவிட்டது. நீண்ட வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழையில், வீதியில் படிந்த எண்ணெயும் தூசியும் கரைந்து வழுக்கல் மிக அதிகமாக இருக்கும். டயரின் வெட்டுகள் தேய்ந்திருந்தால், தேங்கிய நீர் விலக வழியின்றி டயரே நீரின் மேல் மிதந்து பிரேக்குக்குக் கட்டுப்படாமல் போகும். வேகத்தைக் குறையுங்கள், முன் வாகனத்துக்கு வழமையைவிட இரு மடங்கு இடைவெளி விடுங்கள். நான்கு சிக்னல் விளக்குகளையும் மினுக்கிக்கொண்டே ஓட்ட வேண்டாம், நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாது.

பாடசாலை வாசலில் நடப்பதையும் சொல்ல வேண்டும். வெள்ளைச் சீருடை மங்கலான வெளிச்சத்திலும் தூரத்திலிருந்தே தெரியும். அதற்கு மேலால் கருநீல றெயின்கோட்டைப் போட்டுவிட்டால் பிள்ளை மழைக்குள் கரைந்து மறைந்துவிடும். மஞ்சள் அல்லது செம்மஞ்சள் நிறத்தையே தேர்ந்தெடுங்கள். முச்சக்கர வண்டியானால் வலப்பக்கத் திறப்பை மறித்துவிட்டு, இடப்பக்கமாக மட்டும் இறக்குங்கள். முகத்தை மறைக்கும் குடையோடு வீதியைக் குறுக்கே ஓடவிடாமல், இறங்கி நின்று கையைப் பிடித்துக் கடத்திவிடுங்கள்.

மாரியில் இரவுப் பயணத்தை இயன்றவரை ஒத்திப்போடுங்கள். வயல்களில் பெரும்போக வேளாண்மை, தாழ்நிலங்களிலோ தண்ணீர். படுக்க உலர்ந்த இடம் தேடி மாடுகள் உயரமான தார் வீதியிலேயே வந்து கிடக்கும். மழைக்குள் அவற்றின் முதுகு கிட்ட வரும் வரை கண்ணுக்குத் தெரியாது.

எல்லாக் கவனத்தையும் மீறி வாகனம் நீருக்குள் நின்றுவிட்டால், திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள். இயந்திரத்துக்குள் நீர் புகுந்திருந்தால் அது முற்றாகவே பழுதாகிவிடும். அதைவிட முக்கியம், நீர் ஏறிக்கொண்டிருக்கையில் உள்ளே இருந்து உதவியை எதிர்பார்க்காமல், கதவு திறக்கும்போதே பட்டிகளை அவிழ்த்துப் பிள்ளைகளோடு வெளியேறி மேட்டுக்குச் செல்வதுதான். மின்கம்பி அறுந்து கிடக்கும் பக்கம் போகாதீர்கள். 1990 இலவச அம்பியூலன்ஸ் சேவை, 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம், 119 பொலிஸ்: இந்த மூன்று இலக்கங்களையும் கைப்பேசியில் பதிந்துகொண்டு, கைப்பேசியை நீர் புகாத பையொன்றில் போட்டு, டாஷ்போர்டில் வைக்காமல் உங்கள் உடலோடு வைத்திருங்கள்.