லோடர் பூட்டிய பழைய மாஸி 1035: பம்பைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

எங்கள் தோப்பில் ஓடுவது மாஸி பெர்குசன் 1035. 36 குதிரைத்திறன், மூன்று சிலிண்டர், பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய மாடல். அப்பா எடுத்த வண்டி. 25 அடிக்கு ஒன்றாக நட்ட தென்னை வரிசைக்குள் ஜேசிபி வந்தால் பாத்தியும் சொட்டுநீர்க் குழாயும் மிஞ்சாது. இந்த வண்டி நுழைந்து, திரும்பி, வெளியே வந்துவிடும். அதனால்தான் ஆறு வருடத்துக்கு முன் இதன் முன்பக்கம், பக்கெட்டால் அள்ளித் தூக்கும் ஒரு லோடர் பூட்டினோம். கட்டுத்தரையிலிருந்து எரு அள்ள, மட்டை ஒதுக்க, டிப்பரில் வந்து விழும் மண்ணைப் பரப்ப.

பூட்டிய பிறகுதான் தெரிந்தது, உழவுக்கு ஓடிய வண்டிக்கு வரும் கோளாறு வேறு, லோடர் வண்டிக்கு வரும் கோளாறு வேறு. லோடர் தூக்கவில்லை என்றால் எல்லோரும் முதலில் ஆயிலை அழுத்தி அனுப்பும் பம்பைச் சந்தேகப்படுகிறார்கள். நான் பார்த்த வரையில் பம்ப் கடைசியாகப் பார்க்க வேண்டியது.

இரண்டாவது வருடம் ஈர எரு அள்ளும்போது பக்கெட் மெதுவாக ஏற ஆரம்பித்தது. ஒரு பட்டறையில் விட்டேன். அங்கே, பிரஷர் எல்லை மீறாமல் காக்கும் ரிலீஃப் வால்வின் ஸ்குருவை ஒன்றரைச் சுற்று இறுக்கி, "இப்போ தூக்கிப் பாருங்க" என்றார்கள். தூக்கியது. மூன்று வாரம் கழித்து, லோடர் கை மடங்கும் இடத்தில் இருந்த ஆயில் ஓஸ் வெடித்து, எருவோடு பக்கெட் தரையில் வந்து விழுந்தது. பக்கெட்டுக்குக் கீழே அப்போது ஆள் இல்லை. ஐந்து நிமிடத்துக்கு முன் அங்கே ஒருவர் மண்வெட்டியோடு நின்றிருந்தார்.

ஸ்குருவை இறுக்கினால் பிரஷர் கூடும். பிரஷர் தருவது பலத்தை. வேகத்தைத் தருவது, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஆயில் வருகிறது என்பது. என் வண்டிக்குக் குறைந்திருந்தது வேகம். பிறகு ஆயில் டேங்க்கைத் திறந்து, பம்ப் ஆயில் இழுக்கும் பக்கம் இருக்கும் வடிகட்டி வலையை, அதாவது சக்ஷன் ஜாலியை, வெளியே எடுத்தபோது காரணம் கையிலேயே கிடைத்தது. பழைய ஓஸின் உள்பக்க ரப்பர் உதிர்ந்து, நார்த்தூள் போலக் கறுப்பாக ஜாலியைச் சுற்றி அப்பியிருந்தது. டீசலில் ஊற வைத்து, பழைய டூத் பிரஷால் தேய்த்தேன். காற்றடித்துத் திரும்பப் போட்டு, சக்ஷன் ஓஸையும் மாற்றினேன். ஸ்குருவைப் பழைய இடத்துக்கே தளர்த்திய பிறகும் பக்கெட் முன்போல ஏறியது.

ஆகவே மெதுவாக ஏறினால் இந்த வரிசையில் பாருங்கள். பக்கெட்டைத் தரையில் வைத்து ஆயில் மட்டம் பாருங்கள். தூக்கி வைத்துப் பார்த்தால், பக்கெட்டைத் தூக்கும் ஜாக்கிக்குள் (ஆயில் சிலிண்டர்) போன ஆயில் கணக்கில் வராது. ஆயில் மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. நுரைத்திருந்தால், சக்ஷன் பக்கம் எங்கோ கிளிப் தளர்ந்து காற்று இழுக்கிறது. பம்ப் கரகரவென்று சத்தம் போட்டால் அதற்கு ஆயில் போதவில்லை, ஜாலியைத் திறக்கலாம். எங்களுடையதில் கிராங்க் புல்லியோடு கப்ளிங் போட்டு இணைத்த கியர் பம்ப். அந்தக் கப்ளிங் ரப்பர் தேய்ந்தாலும் சத்தம் வரும், பிடிப்பும் விட்டுப்போகும். இவ்வளவும் சரியாக இருந்தும், காலையில் நன்றாகத் தூக்கி, ஒரு மணி நேரம் ஓடி ஆயில் சூடானதும் தளர்ந்தால், அப்போது பம்ப் தேய்மானம் என்று சொல்லலாம். சூட்டில் ஆயில் இளகி, தேய்ந்த கியரின் ஓரமாகத் திரும்பிவிடுகிறது. அப்போதும் ஓஸில் T இணைப்பு போட்டு ஒரு பிரஷர் கேஜ் மாட்டிப் பார்க்காமல் பம்ப் வாங்க வேண்டாம்.

தூக்கி நிறுத்திய பக்கெட் தானாக இறங்குகிறதா?

இதில்தான் நிறையப் பேர் பணத்தை விடுகிறார்கள். ஜாக்கி சீல் போயிற்று என்று இரண்டு ஜாக்கியையும் கழற்றி சீல் மாற்றுவார்கள். அப்புறமும் இறங்கும்.

ஒரு கணக்கைப் புரிந்துகொண்டால் இது எளிது. ஜாக்கிக்குள் பிஸ்டனுக்குக் கீழே ஆயிலுக்கு முழு இடமும் உண்டு. மேல்பக்கம் ராடு (உள்ளே போய் வரும் தண்டு) அடைத்துக்கொண்டிருப்பதால் இடம் குறைவு. பிஸ்டன் சீல் கிழிந்து கீழே இருக்கும் ஆயில் மேலே போனாலும், அத்தனையும் அங்கே கொள்ளாது. மீதி ஆயில் வெளியே போனால்தான் ராடு உள்ளே இறங்க முடியும். வெளியே போக ஒரே வழி, லீவர் இயக்கும் வால்வு. ஆக, லீவர் நடுவில் இருக்கும்போதே பக்கெட் நிற்காமல் இறங்கிக்கொண்டே இருந்தால், வெளியே எங்கும் ஒழுகவில்லை என்றால், வால்வின் ஸ்பூல் (உள்ளே நகர்ந்து வழியை மூடித் திறக்கும் தண்டு) தேய்ந்திருப்பது நிச்சயம். சீலும் சேர்ந்து போயிருக்கலாம். ஆனால் சீலை மட்டும் மாற்றினால் இறக்கம் முழுதாக நிற்காது.

முதலில் அளந்து பாருங்கள். பக்கெட்டில் சுமை ஏற்றி ஆளுயரம் தூக்கி, இன்ஜினை நிறுத்தி, ராடில் சாக்பீஸால் கோடு போட்டு, பத்து நிமிடம் தள்ளி நின்று பாருங்கள். பழைய வண்டியில் இரண்டு விரல் இறங்குவதை நான் பொறுத்துக்கொள்வேன். கண்ணுக்குத் தெரிய இறங்கினால் அடுத்த சோதனை.

பக்கெட்டைத் தரையில் வைத்து, லீவரை இரண்டு பக்கமும் ஆட்டி பிரஷரை விடுங்கள். ஜாக்கியின் ராடு முனைப் பின்னைத் தட்டி எடுத்து, இரண்டு ஜாக்கியையும் லோடர் கையிலிருந்து விடுவித்துவிடுங்கள். இப்போது எதையும் அவை தாங்கவில்லை. இன்ஜினை ஓட்டி ராடை முழுக்க வெளியே நீட்டுங்கள். நிறுத்தி, மறுபடி பிரஷரை விட்டு, ஒரு ஜாக்கியின் ராடு பக்க ஓஸைக் கழற்றி, ஓஸ் வாயை பிளக் போட்டு அடையுங்கள். ஆளைத் தள்ளி நிற்கச் சொல்லி, ராடை நீட்டும் பக்கமே லீவரை மெதுவாகத் தள்ளுங்கள். ஓஸ் கழற்றிய ஓட்டையிலிருந்து ஆயில் விடாமல் வந்தால் அந்த ஜாக்கி சீல் போய்விட்டது. முதலில் வடியும் கொஞ்சத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். அடுத்த ஜாக்கிக்கும் இதையே செய்யுங்கள். இரண்டும் காய்ந்திருந்தால் சீல் வாங்க வேண்டியதில்லை, வால்வைப் பாருங்கள். எனக்கு இடது ஜாக்கி மட்டும் போயிருந்தது, அதோடு வால்வும்.

ஒழுகல் தேடும்போது ஓஸின்மேல் கையை ஓட்டாதீர்கள். ஊசித்துளை வழியாகப் பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே முள் குத்தியது போலத்தான் தெரியும், உள்ளே சதை அழுகும். ஒரு அட்டைப்பெட்டித் துண்டைப் பிடித்து ஓட்டிப் பாருங்கள். குத்திவிட்டது என்று தோன்றினால் வலிக்காகக் காத்திருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், என்ன ஆயில் என்பதையும் சொல்லுங்கள்.

சுமை எங்கே போகிறது

ஸ்டியரிங் கனமாகிவிட்டது, முன் டயர் உள்பக்கம் தேய்கிறது, முன் சக்கரம் திரும்பும் கிங் பின்னின் புஷ் நிற்பதில்லை. லோடர் வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் சொல்லும் குறை இது. பக்கெட்டில் 300 கிலோ எரு என்றால் முன் அச்சுக்கு 300 கிலோ என்று நினைத்துக்கொள்கிறோம். இந்த வண்டியில் இரண்டு அச்சுக்கும் நடுவே சுமார் 1.8 மீட்டர். எரு நிற்பது முன் அச்சிலிருந்து இன்னும் 1.2 மீட்டர் முன்னால். தராசு போலக் கணக்குப் போட்டால் முன் அச்சு ஏற்பது 500 கிலோ. பின் அச்சிலிருந்து 200 கிலோ எழும்பிவிடுகிறது. டிராக்டரின் எடையே சுமார் 1,700 கிலோ. பின் சக்கரம் சுற்றிக்கொண்டு மண்ணைத் தோண்டுவதும், சரிவில் பிரேக் பிடிக்காமல் வழுக்குவதும் இதனால்தான்.

மேம்படுத்த ஒரே ஒரு வேலைக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், பின்னால் எடை போடுங்கள். பின் டயர் அளவு 12.4-28. டயரின் வால்வை மேலே வைத்து முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பினால் ஒரு டயருக்கு 150 லிட்டர் போகும். பிடிப்பு உடனே தெரியும். ஆனால் டயர் தண்ணீர் பின் அச்சை அழுத்துமே தவிர, முன் அச்சின் பாரத்தை ஒரு கிலோகூடக் குறைக்காது. அதற்கு எடை பின் அச்சைத் தாண்டித் தொங்க வேண்டும். 200 லிட்டர் பேரலைப் பாதியாக வெட்டி, மூன்று முனை லிங்கில் மாட்ட இரும்புச் சட்டமும் பின்னும் வைத்து கான்கிரீட் போட்டேன். 240 கிலோ. அச்சிலிருந்து 90 சென்டிமீட்டர் பின்னால் தொங்குவதால் பின் அச்சுக்கு 360 கிலோ கூடுகிறது, முன் அச்சில் 120 கிலோ குறைகிறது. முதல் நாள் ஓட்டியதுமே ஸ்டியரிங்கில் வித்தியாசம் கையில் தெரிந்தது.

அடுத்தது முன் அச்சு. பாட்டில் ஜாக்கியால் தூக்கி, கட்டை கொடுத்து, சக்கரத்தின் கீழே கடப்பாரை வைத்து நெம்பிப் பாருங்கள். பக்கெட்டைத் தரையில் அழுத்தியும் முன்பக்கம் எழும்பும். அப்படி நிற்கும் வண்டிக்குக் கீழே போகவே கூடாது. ஆட்டம் சக்கர பேரிங்கிலா, கிங் பின்னிலா, அச்சை நடுவில் வண்டியோடு மாட்டியிருக்கும் சென்டர் பின்னிலா என்று தனித்தனியே தெரியும். சென்டர் பின்னைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. எனக்கு அதன் ஓட்டை முட்டை வடிவத்துக்குப் போயிருந்தது. லேத்தில் போரிங் செய்து புஷ் அடித்த பிறகுதான் வண்டி நேராக ஓடியது. லோடர் வேலை நாளில் காலையிலும் மதியமும் கிரீஸ் அடிக்க வேண்டும்.

மூன்றாவதாகப் பவர் ஸ்டியரிங். அதற்குத் தனியாகச் சின்ன பம்ப் போடுங்கள். லோடர் பம்பிலிருந்தே எடுப்பதென்றால் ஸ்டியரிங்குக்கு முதலில் ஆயில் தரும் பிரையாரிட்டி வால்வு கட்டாயம். அது இல்லாமல், பக்கெட் ஏறும் நேரத்தில் ஸ்டியரிங் இறுகிப்போன வண்டியை நான் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். மரம் பக்கத்தில் இருந்தது.

வால்வு மாற்றும்போது ஃப்ளோட் உள்ளதாக வாங்கினேன். லீவரை அதில் போட்டுவிட்டால் பக்கெட் தரையின் மேடு பள்ளத்தோடு தானே போகும். மண் பரப்பும் வேலை பாதி நேரத்தில் முடிகிறது.

செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் புது பேட்டரிக்கு ஓடும் முன் எர்த் வயரைப் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் பிளாக்குக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே மீட்டர் வைத்து, அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பெயின்ட்டைச் சுரண்டி போல்ட்டை இறுக்கினால் போதும்.

வேலை முடிந்ததும் பக்கெட்டைத் தரையில் வைத்து, ராடு முடிந்த அளவு உள்ளே இருக்கும்படி நிறுத்துங்கள். வெளியே நிற்கும் பகுதியில் கையால் கிரீஸ் தடவிவிடுங்கள். ஐப்பசி மழையில் நனைந்து ராடில் துருப்புள்ளி விழுந்தால், அது ஒவ்வொரு முறை உள்ளே போய் வரும்போதும் சீலை அறுக்கும். இடது ஜாக்கியில் எனக்கு நடந்தது அதுதான்.