எஞ்சினை இறக்கி ஏற்ற எந்த போல்ட்?

சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் எங்கள் பட்டறைக்கு வருகிற இளைஞர்கள் பலரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, எல்லாத்துக்கும் 12.9 போல்ட் போட்டுடலாமா?" சிஓஇ-யை (வண்டி வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழை) புதுப்பித்துப் பழைய வண்டியை இன்னும் பத்து வருடம் ஓட்டப்போகிறவர்கள், செலவோடு செலவாக போல்ட்டையும் உயர்ந்ததாகப் போடலாமே என்று நினைக்கிறார்கள். வேண்டாம் என்பேன். போல்ட்டை முறுக்கும்போது அது இம்மியளவு நீள்கிறது. பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும் அந்த இழுப்புதான் இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. எவ்வளவு நீள வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் தயாரிப்பாளர் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு போல்ட் கொடுத்திருக்கிறார். அதைவிட வலுவானதைப் போட்டால், அடுத்து விட்டுக்கொடுப்பது எஞ்சின் பிளாக்கில் இருக்கும் மரை. போல்ட் உடைந்தால் சில வெள்ளியோடு போகும். பிளாக்கில் மரை போனால் ஹெலிகாயில் (போன மரைக்குப் பதிலாக வைக்கும் கம்பிச்சுருள்) போட ஆள் தேட வேண்டும்.

முதலில் தலையில் உள்ள எண்ணைப் படியுங்கள். 8.8 என்றால் முதல் எண்ணை நூறால் பெருக்குங்கள்: சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் வரை அறுந்துபோகாது. புள்ளிக்குப் பின்னால் உள்ள 8, அதில் எண்பது சதவீதத்தில், அதாவது 640-இல், நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்கிறது. 10.9-க்கு 1000, 900. 12.9-க்கு 1200, 1080. பழைய டொயோட்டாவில் 4, 7 என்று ஒற்றை எண் மட்டும் இருக்கும். 7 என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 70 கிலோ. அது 8.8-ஐ விடச் சற்றுக் குறைவு என்பதால் அந்த இடத்தில் 8.8 போடலாம், பயமில்லை. தலையில் ஒன்றுமே பொறிக்காத போல்ட் கதவுக் கீலுக்கு ஆகும், எஞ்சினுக்கு ஆகாது.

அடுத்தது பிட்ச், அதாவது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி. சிங்கப்பூரில் அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். கிளந்தான் லேன் பக்கம் ஹார்ட்வேர் கடையில் போய் "எம் 10" (10 மி.மீ. விட்டம்) என்றால் தவுக்கே, அதாவது கடைக்காரர், யோசிக்காமல் 1.5 பிட்ச் எடுத்து நீட்டுவார். கட்டுமான வேலைக்கு எல்லோரும் வாங்குவது அதுதான், அவரைக் குறை சொல்ல முடியாது. ஜப்பானிய எஞ்சினில் எம் 10-க்கும் எம் 12-க்கும் பெரும்பாலும் 1.25. பிட்ச் மாறிய போல்ட் முதல் இரண்டு சுற்று கையாலேயே இறங்கும், பிறகு இறுகும். "துருவா இருக்கும்" என்று ஸ்பேனரை வைத்தால் மரை போச்சு. பிட்ச் கேஜ் ஒன்று வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது சுங்கை ரோடு சந்தையில் வாங்கியது. அந்தச் சந்தை 2017-இல் மூடிவிட்டார்கள், கேஜ் இன்னும் ஓடுகிறது.

தலை அளவை வைத்து போல்ட் அளவை ஊகிக்காதீர்கள். ஜப்பானிய எம் 8-க்கு 12 ஸ்பேனர், எம் 10-க்கு 14, எம் 12-க்கு 17. கடையில் வாங்குகிற எம் 8-க்கு 13 ஸ்பேனர் வேண்டும், எம் 10-க்கு 16 அல்லது 17. பெரிய தலை இடுக்கான இடத்தில் சாக்கெட் நுழையவிடாது. அதனால் வெர்னியரில் தண்டின் விட்டத்தை அளந்து பாருங்கள்.

எஞ்சினைத் தூக்குவதற்கு சிலிண்டர் ஹெட்டிலேயே கொக்கி இருக்கும். முன்பு யாராவது கழற்றிப் போட்டிருந்தால் பாகக் கடையில் கேட்டு வாங்குவது நல்லது. சங்கிலிக் கண்ணியை நேரடியாக போல்ட் போட்டுப் பிடிப்பதானால் 8.8 அல்லது 10.9, அகலமான தடித்த வாஷர், கண்ணி உலோகத்தோடு ஒட்டி உட்கார வேண்டும். போல்ட் வெளியே நீட்டிக்கொண்டு அதன் நுனியில் சங்கிலி தொங்கினால் 12.9-ம் வளையும். ஐ-போல்ட் நேர் மேலே இழுப்பதற்கு மட்டும். சாய்வாக இழுத்தால் அது தாங்கும் எடை பாதிக்கும் கீழே போய்விடும். வால்வு கவரில் இருக்கும் எம் 6 துளையில் சங்கிலி மாட்டுவதை நான் பார்த்திருக்கிறேன், அதைப் பற்றி எழுத விருப்பமில்லை.

இனி, இறக்கிய எஞ்சினைப் பிடித்து நிறுத்தும் ஸ்டாண்டு. எஞ்சின் ஸ்டாண்டோடு போல்ட் வந்தாலும் அவை உங்கள் எஞ்சினுக்குப் பொருந்தாமல் போகலாம். பெல் ஹவுசிங்கில் (கியர்பாக்ஸ் எஞ்சினோடு சேரும் கூடு) இருந்து கழற்றிய போல்ட் நீளம் போதாது. வலு பற்றிய பயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். 120 கிலோ எஞ்சின், அதன் எடை மையம் தட்டிலிருந்து 30 செ.மீ. தள்ளி, மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் 25 செ.மீ. இடைவெளி என்று வையுங்கள். மேலே உள்ள இரண்டும் சேர்ந்து தாங்கும் இழுப்பு 144 கிலோதான். ஒரே ஒரு எம் 10, 8.8 போல்ட் நீளத் தொடங்குவதற்கே மூன்றரை டன்னுக்கு மேல் வேண்டும். ஆக, எஞ்சின் கீழே விழுவது போல்ட் அறுந்து அல்ல, மரை போதாமல்.

காஸ்ட் அயர்ன் பிளாக்கில் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கு மரை உள்ளே இறங்க வேண்டும். டொயோட்டா வியோஸில் வரும் 1என்இஸட் போன்ற அலுமினிய பிளாக்குக்கு இரண்டு மடங்கு கொடுங்கள். ஸ்டாண்டுக் கையின் குழாய் 60 மி.மீ., வாஷர் 3, எம் 12-க்கு அலுமினியத்தில் 24. கூட்டினால் 87. துளை ஆழமாக இருந்தால் 90 மி.மீ. போல்ட், இல்லாவிட்டால் மரை 2 மி.மீ. குறைந்தாலும் 85. துளையின் ஆழத்தை ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். அடிமுட்டிய போல்ட் இறுகிய மாதிரி காட்டும், தட்டைப் பிடித்திருக்காது.

இன்னொன்று: 90 மி.மீ. எம் 12 போல்ட்டில் மரை வெட்டியிருப்பது 30 மி.மீ. மட்டும், மீதி 60 வழவழப்பு. உங்கள் குழாய் 50 மி.மீ. தான், இருக்கட்டும் என்று நீளமாக வாங்கினீர்கள் என்றால், வழவழப்புப் பகுதி பிளாக்கில் முட்டிக்கொண்டு நிற்கும், குழாய் தளர்வாக ஆடும். நான்கு போல்ட்டையும் முதலில் கையால் முழுக்க இறக்கிப் பாருங்கள், அதற்குப் பிறகு ஸ்பேனர். எஞ்சினைத் தூக்கிப் பிடிக்கும் ஹோயிஸ்ட்டை அதுவரை அவிழ்க்காதீர்கள்.

எஞ்சினைத் திரும்பக் கோர்க்கும்போது கதை மாறும். கனெக்டிங் ராட், மெயின் கேப், ஹெட், ஃபிளைவீல்: இந்த நான்குக்கும் ஹார்ட்வேர் கடைப் பக்கமே போகக் கூடாது. 10.9 என்று ஒரே எண் பொறித்திருந்தாலும் தண்டின் மெலிவு, தலையின் அடிப்பரப்பு, மரையை உருட்டிய விதம் எல்லாம் வேறு. கொரோலாவின் 4ஏ-எஃப்இ எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெட் போல்ட் இரண்டு நீளத்தில் வரும்: இன்டேக் பக்கம் 90 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 108. முதலில் 29 நியூட்டன் மீட்டர், பிறகு 90 டிகிரி, மறுபடி 90 டிகிரி. டிகிரிக் கணக்கில் முறுக்கும் போல்ட் பல எஞ்சின்களில் நிரந்தரமாக நீளும் எல்லை வரை இழுக்கப்படுகிறது. சிலவற்றை ஒரு தடவைக்கு மேல் போடக்கூடாது. சிலவற்றுக்குக் கையேட்டில் நீளமோ குறுகிய இடத்தின் விட்டமோ கொடுத்திருப்பார்கள், அளந்து பார்த்துப் போடலாம். கையேடு கையில் இல்லையா, புதிது வாங்குங்கள்.

டார்க் ரெஞ்ச் காட்டும் எண்ணை முழுதாக நம்பாதீர்கள். நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய தொண்ணூறு சதவீதம் தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்விலேயே போய்விடும். எஞ்சின் ஆயில் தடவச் சொன்ன இடத்தில் காய்ந்த போல்ட்டைப் போட்டால் ரெஞ்ச் 'கிளிக்' என்னும், பிடிப்பு வேண்டிய அளவு வந்திருக்காது. ஆனால் துளைக்குள் எண்ணெய் தேங்கக் கூடாது. அடைத்த துளையில் தேங்கிய எண்ணெய்க்குப் போக வழியில்லாமல் பிளாக்கிலேயே விரிசல் விடலாம். காற்றடித்துத் துடைத்துவிட்டு, மரையிலும் வாஷர் அடியிலும் மட்டும் லேசாகத் தடவுங்கள். ஃபிளைவீல் போல்ட் துளை சில எஞ்சின்களில் கிராங்க் கேஸுக்குள் போய்த் திறக்கும், அங்கே எண்ணெய்க்குப் பதில் சீலன்ட்.

ஸ்டெயின்லெஸ் போல்ட் பற்றியும் சொல்ல வேண்டும். வேறோர் இடத்தில் "அழகா இருக்கும்" என்று எஞ்சின் முழுக்க ஸ்டெயின்லெஸ் போட்ட வண்டி ஒன்று என்னிடம் வந்தது. ஸ்டெயின்லெஸ் போல்ட் தலையில் ஏ2-70 என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 700 நியூட்டன், 8.8-க்கே குறைவு. ஸ்டெயின்லெஸ்ஸும் ஸ்டெயின்லெஸ்ஸும் உரசினால் மரை ஒன்றோடொன்று ஒட்டிப்பிடித்துக்கொள்ளும். நம் ஊர் ஈரத்தில் அலுமினியத்தோடு சேர்ந்தால் அலுமினியம்தான் அரிக்கப்படும். டைமிங் கவர் மாதிரி சும்மா மூடி நிற்கும் இடத்தில் ஆசைப்பட்டால் ஆன்டி-சீஸ் (மரை ஒட்டிப்பிடிக்காமல் காக்கும் களிம்பு) தடவிப் போடுங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு அந்த எஞ்சினுக்கே உரிய ஸ்டட்டும் நட்டும்தான்.

சம்ப், வாட்டர் பம்ப், பிராக்கெட் எல்லாம் எம் 6, எம் 8. அங்கே 8.8 ஃபிளான்ஜ் போல்ட் (தலையோடு வாஷர் சேர்ந்தது) தாராளம். அங்கே தொல்லை நீளம்தான், கழற்றியதை ஒரே பிஸ்கட் டின்னில் கொட்டினால் எது எங்கே என்று தெரியாது. அட்டையில் வாட்டர் பம்ப்பின் வடிவத்தை வரைந்து, துளையிட்டு, போல்ட்டை அதனதன் இடத்தில் குத்தி வையுங்கள்.

பிளாக்கையே மாற்றுவதானால் எஞ்சின் எண் மாறும், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி முதலில். பழைய பிளாக்கையே கோர்ப்பவர்கள் எஞ்சினை இறக்குவதற்கு முன்பே ஹெட், ராட், ஃபிளைவீல் போல்ட்டுகளுக்கு ஆர்டர் கொடுத்துவிடுங்கள். சின் மிங் பாகக் கடைகளில் சேசிஸ் எண்ணைக் கேட்பார்கள், வண்டிப் பதிவு விவரம் உள்ள லாக் கார்டைப் படம் பிடித்துக்கொண்டு போங்கள். கடையில் இல்லாத பாகம் ஜப்பானிலிருந்து வர வாரக்கணக்கில் ஆகும், அதுவரை ஸ்டாண்டு வாடகை ஓடிக்கொண்டே இருக்கும்.