மிடில்ஸ்பரோவுக்குப் படிக்கப் போகும் நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு

மண்டபம், கீழக்கரை, தொண்டிப் பக்கத்திலிருந்து இங்கிலாந்தின் வடகிழக்கில் இருக்கும் மிடில்ஸ்பரோ என்ற ஊருக்குப் படிக்கக் கிளம்பும் பிள்ளைகள், அங்கிருந்து ஊருக்கு வந்திருக்கும் என்னிடம் அறை வாடகையைப் பற்றியும் பகுதிநேர வேலையைப் பற்றியும்தான் கேட்கிறார்கள். அதைச் சொல்ல அங்கே சீனியர்கள் இருக்கிறார்கள். யாரும் கேட்காத ஒன்றை நான் சொல்கிறேன்: சனிக்கிழமை அறையில் படுத்துக்கிடக்காதீர்கள், கிராமங்களுக்குக் கிளம்புங்கள்.

முதல் மூன்று மாதம் எனக்கு அறை, வகுப்பு, வேலை பார்த்த கடை மூன்றையும் தவிர ஒன்றும் தெரியாது. மாணவர் விசாவில் பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். மீதி நேரமெல்லாம் போர்வைக்குள் கைபேசியோடு போனது. டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். வீட்டு நினைப்பு தாங்காமல் ஒரு சனிக்கிழமை பேருந்து ஏறி ஸ்டெய்த்ஸ் என்ற கடலோரக் கிராமத்துக்குப் போனேன். செங்குத்தான கல் பாவிய தெரு, சிவப்பு ஓட்டு வீடுகள், கீழே சின்னத் துறைமுகம், சுவரோரம் அடுக்கிய கூடுகள். நம் ஆட்கள் சிங்கி இறால் என்று சொல்வதையும் நண்டையும் பிடிக்கிற கூடுகள்தான் அவை. அந்த வாசனையில் அழுகையே வந்துவிட்டது.

செலவுக்குப் பயப்பட வேண்டாம். இங்கிலாந்தில் பெரும்பாலான உள்ளூர்ப் பேருந்துகளில் ஒரு வழிக் கட்டணம் 3 பவுண்டுக்கு மேல் போகாது. 2025 ஜனவரியிலிருந்து இந்த வரம்பு இருக்கிறது. அதற்கு முன் 2 பவுண்டாக இருந்தது. ரயிலுக்கு 16-25 ரயில்கார்டு வாங்கிக்கொள்ளுங்கள். விலை 35 பவுண்டு, கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். 26 வயது தாண்டியிருந்தாலும் முழுநேர மாணவர் என்றால் கிடைக்கும். வார நாட்களில் காலை 10 மணிக்கு முன் குறைந்தபட்சக் கட்டணம் 12 பவுண்டு என்று ஒரு விதி உண்டு (ஜூலை, ஆகஸ்டில் மட்டும் இல்லை). குட்டிப் பயணத்துக்கு அப்போது கார்டு உதவாது. சனி, ஞாயிறில் அந்தத் தொல்லை இல்லை.

மிடில்ஸ்பரோவிலிருந்து விட்பி என்ற கடலோர ஊருக்கு எஸ்க் பள்ளத்தாக்கு வழியாக ரயில் போகிறது. ஒன்றரை மணி நேரம், சன்னலோரம் உட்காருங்கள். கல்சுவர்கள், ஆடுகள், ஆகஸ்டில் போனால் மேடெல்லாம் ஊதாப் பூ. ஒரு நாளைக்குச் சில ரயில்கள்தான். அதனால் திரும்பும் கடைசி வண்டியின் நேரத்தை வீட்டிலேயே பார்த்து, அட்டவணையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்கில் பல இடங்களில் கைபேசிச் சிக்னல் கிடைக்காது. ஞாயிறன்று வண்டிகள் இன்னும் குறைவு.

இனிமேல் சொல்வதை நிதானமாகப் படியுங்கள். கடலோரத்தில் பிறந்த நமக்குத்தான் அங்கே ஆபத்து அதிகம், ஏனென்றால் கடல் தெரியும் என்று நினைத்துவிடுகிறோம். பாக் நீரிணையில் தண்ணீர் ஏறுவதும் வற்றுவதும் ஒரு மீட்டருக்குள்தான். அங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நாலைந்து மீட்டர். ஆறு மணி நேரத்தில் வற்றி, அடுத்த ஆறு மணி நேரத்தில் ஏறிவிடும். ராபின் ஹுட்ஸ் பே என்ற கிராமத்தில் தண்ணீர் வற்றியபோது பாசி படர்ந்த பாறைகள் வெகுதூரம் தெரிந்தன. நம் பக்கம் பெண்கள் பாசி எடுக்கிற இடம் போலவே இருந்தது. பாறை பாறையாகத் தெற்கே நடந்துகொண்டே போனேன். நாயோடு வந்த ஒருவர் மேலிருந்து கத்தினார். திரும்பிப் பார்த்தால், நடந்து வந்த வழியில் தண்ணீர். பின்னால் ஏற முடியாத செங்குத்துப் பாறை. முழங்காலுக்கு மேல் நனைந்து, கைகால் விறைத்துத்தான் கரை சேர்ந்தேன். இன்னும் அரை மணி போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஆகவே கடல் ஏறும் நேரம், வற்றும் நேரம் பார்க்காமல் மணலில் இறங்காதீர்கள். வற்றிக்கொண்டிருக்கும்போது இறங்கி, ஏறத் தொடங்கும் முன் திரும்பிவிடுங்கள். பாறைச் சரிவுக்கு அடியில் உட்காராதீர்கள், கல் உதிரும். மாட்டிக்கொண்டால் 999 அழைத்து கடலோரக் காவல் வேண்டும் என்று சொல்லுங்கள். நீச்சல் தெரியும் என்று குளிக்க இறங்குவதும் வேண்டாம். அந்தக் குளிர் மூச்சையே அடைக்கும். சரி, பயமுறுத்தியது போதும். அந்தக் கரையில் சுருள் சுருளாகக் கல்லாகிப்போன அம்மோனைட்டுகள் என்ற பழங்காலக் கடலுயிர்கள் கிடைக்கும். நம் வீட்டுச் சாளக்கிராமமும் அதே இனம்தான்.

சாப்பாடு விஷயத்தில் ஒன்று. இந்த ஊர்களெல்லாம் இருக்கிற யார்க்‌ஷரில் பல கடைகளில் மீனையும் உருளைக்கிழங்கையும் மாட்டுக் கொழுப்பில் பொரிக்கிறார்கள். அது ஆகாதவர்கள், ஹலால் பார்ப்பவர்கள், சைவக்காரர்கள் எல்லோரும் எந்த எண்ணெய் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். கேட்டால் கோபிக்க மாட்டார்கள். நான் எப்போதும் புளிச்சாதம் கட்டிக்கொண்டு போவேன்.

வயல்வெளியில் நடக்கப் பொதுப்பாதைகள் உண்டு, பலகை போட்டிருக்கும். தனியார் நிலத்தின் நடுவே போனாலும் அந்தப் பாதையில் நடக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. படலை எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டு வாருங்கள். கன்றோடு நிற்கும் மாட்டுக்கு நடுவே மட்டும் போகாதீர்கள், நம் ஊர் மாடு போலச் சாதுவாக இருக்காது. அப்புறம், அழகாக இருக்கிறதென்று சன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள். ராமேஸ்வரம் வருகிறவர்கள் கருவாடு காயவைக்கும் நம் அம்மாமார்களைக் கேட்காமல் படமெடுக்கும்போது நமக்கு எப்படி இருக்கிறது?

ஸ்டெய்த்ஸில் ஒரு பெரியவர் கூடு பின்னிக்கொண்டிருந்தார். பேர்போன கடலோடி கேப்டன் குக் பதினாறு வயதில், 1745இல், இந்த ஊர்க் கடையில்தான் வேலைக்குச் சேர்ந்தார் என்றார். கடை எங்கே என்று கேட்டேன். கடல் கொண்டுபோய்விட்டது என்று தண்ணீரைக் காட்டினார். நான் தனுஷ்கோடியைப் பற்றி, 1964 புயலைப் பற்றி, அதில் கடல் கொண்டுபோன ரயிலைப் பற்றிச் சொன்னேன். கூட்டைக் கீழே வைத்துவிட்டு, அந்த ரயிலில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டார். சொல்லி முடிப்பதற்குள் நான் போக வேண்டிய பேருந்து போய்விட்டது. அடுத்ததற்கு ஒரு மணி நேரம் இருந்தது. அவர் கடலுக்குப் போகிற காற்று எது, போகாத காற்று எது என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.