மரை எத்தனையாகும்? போனிலேயே போடக்கூடிய ஒரு கணக்கு

பட்டிப்பொல பக்கமாக இலங்கை மலைநாட்டின் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனவர்களுக்கு மரை என்ற பெரிய மானைத் தெரிந்திருக்கும். ஆளைக் கண்டு மிரளாமல், பனிமூட்டத்துக்குள் புல் மேய்ந்துகொண்டு நிற்கும். "இதுகள் இப்படியே பெருகினால் என்னாகும்?" என்று கூட வந்தவர்களில் ஒருவராவது கேட்பார். பதில் சொல்லச் சாதாரண தரக் கணிதம் போதும். கீழே வரும் எண்கள் பழகிப் பார்க்க நான் வைத்தவை, அங்கே எண்ணி எடுத்தவை அல்ல.

படி 1: மூன்று எண்களை எழுதிக்கொள்ளுங்கள்

தொடக்கத்தில் 100 மரை. வளர்ச்சி வீதம் 0.2, அதாவது பிறப்பில் இறப்பைக் கழித்தபின் ஆண்டுக்கு நூற்றுக்கு 20 கூடும். தாங்குதிறன் 400, அந்தப் புல்லும் தண்ணீரும் எத்தனை உயிரைத் தாங்குமோ அத்தனை. மூன்றில் இதுதான் பிடிபடாத எண். யூலெக்ஸ் முட்புதர் பரவிப் புல் குறைந்தால் இதுவும் குறையும்.

படி 2: தடையில்லாப் பெருக்கம்

100ஐ 1.2ஆல் பெருக்குங்கள், விடையை மறுபடி 1.2ஆல். 120, 144, 173 என்று ஏறிப் பத்தாம் ஆண்டில் 619. மக்கள்தொகை பற்றி ஆங்கிலப் பொருளியலாளர் மால்தஸ் 1798இல் எழுதியதும் இந்தப் பெருக்கலைத்தான். முதல் சில ஆண்டுகளுக்குச் சரி, அதற்குமேல் புல் போதாது.

படி 3: தடையைச் சேருங்கள்

பெல்ஜியக் கணிதவியலாளர் வெர்ஹுல்ஸ்ட் 1838இல் தந்த லொஜிஸ்டிக் சமன்பாட்டை நம் தேவைக்கு இப்படி எழுதலாம்:

கூடுவது = 0.2 × இப்போது உள்ளவை × (1 − இப்போது உள்ளவை ÷ 400)

முதல் ஆண்டில் 20 × 0.75 = 15. ஆக 115. அடுத்த ஆண்டு 131. இடையில் தசமத்தை வெட்டாமல் போனால் பத்தாம் ஆண்டில் 283 வரும். 200ஐ ஒட்டி இருக்கும்போதுதான் வளர்ச்சி உச்சம், ஆண்டுக்கு 20. 400ஐ நெருங்க நெருங்க வேகம் அடங்கிவிடும்.

படி 4: சுருக்குக் கம்பியைக் கணக்கில் எடுங்கள்

என்னை உட்காரவைத்தது இந்தப் படிதான். தோட்டத்து ஓரங்களில் பன்றிக்கு வைக்கும் சுருக்கு, பன்றி எது மரை எது என்று பார்ப்பதில்லை. (சிறுத்தை அடிப்பது இறப்பில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது, இது அதற்கு மேல்.) ஒவ்வோர் ஆண்டும் படி 3இன் விடையிலிருந்து 15ஐக் கழியுங்கள். கூடுவது 15, போவதும் 15. எத்தனை ஆண்டு போனாலும் 100 அப்படியே நிற்கும்.

இப்போது 15க்குப் பதில் 16. ஒன்றே ஒன்றுதான் அதிகம். முதல் ஆண்டு 99, அடுத்தது 98. பத்தாம் ஆண்டில் 84. பனிக்குள் நின்று எண்ணுகிறவருக்கு 84க்கும் 100க்கும் வித்தியாசம் தெரியுமா? எண்ணியதில் பிசகு என்றுதான் நினைப்பார். ஆனால் கூட்டம் சிறுக்கச் சிறுக்கப் பிறப்பும் குறைகிறது, கம்பியில் விழுவது மட்டும் குறையவில்லை. இருபதாம் ஆண்டில் 33. இருபத்து மூன்றாம் ஆண்டில் விடை சுழியத்துக்குக் கீழே போய்விடும்.

படி 5: எண்களை மாற்றிப் பாருங்கள்

எக்செலில் ஒரு வரியை எழுதிக் கீழே இழுத்தால் ஐம்பது ஆண்டும் நொடியில் வந்துவிடும். முதலில் இதைப் போட்டுப் பாருங்கள்: இழப்பு அதே 15, தொடக்கம் மட்டும் 100க்குப் பதில் 90. முதல் ஆண்டில் கூடுவது 13.95.