கல்வெட்டு பளபளக்கிறது, குழாயில் தண்ணீர் இல்லை: ஊருக்கு உதவும் வியாபாரிகள் சங்கங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் சத்துணவுக் கூடத்தை ஒட்டிக் குடிநீரைச் சுத்திகரிக்கும் ஓர் ஆர்.ஓ. மெஷின் நிற்கிறது. அதற்கு மேலே சுவரில் பதித்த கருங்கல்லில் வியாபாரிகள் சங்கத்தின் பெயரும், தலைவர், செயலாளர், பொருளாளர் பெயர்களும் இருக்கின்றன. அந்தப் பொருளாளர் நான்தான். கல் இன்றைக்கும் பளபளவென்று இருக்கிறது. மெஷினில் தண்ணீர் வந்து நாலு வருஷம் ஆகிறது.

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் ஒரு சின்னச் சந்தை ஊர் எங்களுடையது. கொப்பரைக் களம், எண்ணெய் மில், அரிசி ஆலை, மளிகை, உரக்கடை, பஸ் ஸ்டாண்டு டீக்கடை எல்லாம் சேர்ந்ததுதான் சங்கம். பன்னிரண்டு வருஷம் பொறுப்பில் இருந்ததில் நல்லதும் செய்தோம், சொதப்பவும் செய்தோம். சொதப்பியதை மட்டும் இங்கே எழுதுகிறேன். நல்லதை எழுதத்தான் ஃப்ளெக்ஸ் போர்டு இருக்கிறதே.

கேட்காமல் கொடுப்பது

அந்த மெஷினுக்கு என்ன ஆனது என்பதில் பெரிய மர்மம் இல்லை. எங்கள் பக்கத்து போர் தண்ணீர் கடுமையான உப்பு. நேரே உள்ளே விட்டால் உப்புப் படிந்து, தண்ணீரை வடிக்கும் சவ்வான மெம்ப்ரேன் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். முன்னால் இருக்கும் ஃபில்டரை விடாமல் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வடிகட்டியது போக மிச்சமாகும் கழிவு நீரைக் கழிப்பறைத் தொட்டிக்காவது திருப்பியிருக்கலாம். நாங்கள் பிள்ளைகள் விளையாடும் மைதானத்தில் விட்டோம். முதல் வருஷம் விற்ற ஆளே வந்து பார்த்தார். இரண்டாம் வருஷம் மெம்ப்ரேன் போனது. பள்ளியில் அதற்கென்று பணம் இல்லை. சங்கத்தில் அதற்குள் நிர்வாகம் மாறிவிட்டது. புதுத் தலைவர், "அது போன கமிட்டி வெச்சதுங்க" என்று முடித்துவிட்டார்.

திறப்பு விழா அன்று தலைமை ஆசிரியை என்னைத் தனியே கூப்பிட்டு, "மெஷின் வேண்டாம்னு சொல்லலீங்க. ரிப்பேரானா யாருக்குப் போன் பண்றதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க" என்றார். சிரித்துக்கொண்டே என் நம்பரைக் கொடுத்தேன். அவருக்கு அன்றைக்கே எல்லாம் தெரிந்திருக்கிறது. பள்ளிக்கு நிஜமாகவே வேண்டியிருந்தது கழிப்பறையைத் தினமும் கழுவிவிட ஓர் அம்மாவுக்கு மாதச் சம்பளம். ஆனால் சம்பளத்துக்கு யார் ரிப்பன் வெட்டுவது?

சங்கம் பள்ளிக்கு ஏதாவது செய்ய நினைத்தால் முதலில் போக வேண்டிய இடம் பள்ளி மேலாண்மைக் குழு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த அந்தக் குழுவில் நாலில் மூன்று பேர் பெற்றோர்கள். என்ன வேண்டும் என்று அவர்கள் தீர்மானம் எழுதிக் கொடுக்கட்டும். பணமாகக் கொடுப்பதென்றால் 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டத்தின் வழியாகவும் கொடுக்கலாம். கணக்கு சுத்தமாக இருக்கும். மற்ற ஊர்ப் பணிகளுக்குக் கிராம சபை இருக்கிறது. தமிழ்நாட்டில் இப்போது வருஷத்துக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்த ஆறில் ஒரு நாளாவது சங்கத்து ஆட்கள் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து, ஊர் எதற்குச் சண்டை போடுகிறது என்று கேட்க வேண்டும். நாங்கள் பல வருஷம் தலைவர் வீட்டுத் திண்ணையில் காபி குடித்துவிட்டு, ஊரைக் கேட்டதாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

மெஷின் விவகாரத்துக்குப் பிறகு ஒரு விதி வைத்தோம். எந்தப் பொருள் கொடுத்தாலும் அதன் விலையில் கால் பங்கைப் பராமரிப்புக்கென்று தனியாகப் போட்ட பிறகுதான் ஆர்டர். கையில் 1 லட்சம் இருந்தால் 80,000 ரூபாய்க்குத்தான் பொருள். நிர்வாகம் மாறினாலும் அந்த மிச்சம் 20,000 ரூபாயை வேறு செலவுக்குத் தொட முடியாது.

குளத்தைத் தோண்டிவிட்டு வாய்க்காலை மறப்பது

எங்கள் பக்கத்தில் சங்கத்தில் நாலு காசு சேர்ந்தால் அடுத்த யோசனை குளம் தூர்வாருவதுதான். நல்ல யோசனை. ஜேசிபி வந்து நிற்கும் போட்டோவும் நன்றாக இருக்கும். நாங்கள் இரண்டு வாரம் மண் அள்ளினோம். ஐப்பசியில் மழையும் பெய்தது. ஊரெல்லாம் தண்ணீர், குளத்தில் மட்டும் கணுக்கால் அளவு. வரத்து வாய்க்காலில் ஓரிடத்தில் கம்பி வேலி, ஓரிடத்தில் வீட்டுமனை, ரோட்டை உயர்த்தியபோது அடைபட்ட ஒரு குழாய்ப் பாலம். தண்ணீர் எந்த வழியாக வரும் என்று நாங்கள் ஒருவரும் நடந்து பார்க்கவில்லை. தோண்டிய மண்ணைக் கரைமேலேயே குவித்திருந்தோம். மழைக்கு அதில் பாதி உள்ளே திரும்பி வந்துவிட்டது.

அத்திக்கடவு - அவினாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17இல் பயன்பாட்டுக்கு வந்தது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே கிடைக்கும் பவானி ஆற்றின் உபரி நீரில் 1.5 டிஎம்சியை ஏற்றி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குக் குழாயில் கொண்டுபோகும் திட்டம் அது. எங்கள் குளம் அந்தக் கணக்கில் இல்லை. குழாய் வராத ஊருக்கு வாய்க்கால்தான் கதி. ஆகவே வேலையை மேலேயிருந்து தொடங்க வேண்டும். ஒரு நல்ல மழை பெய்த மறுநாள் காலையில், ஊர் நிலவரம் தெரிந்த ஒரு பெரியவரையும் கிராம நிர்வாக அலுவலரையும் கூட்டிக்கொண்டு, புல வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீர் வந்த தடத்திலேயே நடக்க வேண்டும். எங்கே நின்றிருக்கிறது என்று தண்ணீரே காட்டிவிடும். ஜேசிபியைக் கூப்பிடுவது அப்புறம்.

இதில் அனுமதி தனிக் கதை. குளம் ஊராட்சியுடையதா, நீர்வளத் துறையுடையதா என்று பார்த்து எழுத்தில் உத்தரவு வாங்காமல் மண்ணைத் தொடக் கூடாது. "கலெக்டர் ஆபீஸ்ல சொல்லியாச்சுங்க" என்பது உத்தரவு ஆகாது. செலவைப் பகிர 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது. பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு ஊர் போட்டால் மிச்சத்தை அரசு போடும். பாதியோ அதற்கு மேலோ ஊர் போட்டால் வேலையை ஊராரே எடுத்துச் செய்யவும் இடமுண்டு. பஸ் ஸ்டாண்டு நிழற்குடை முழுவதையும் சொந்தக் காசில் கட்டிய பிறகுதான் எங்களுக்கு இது தெரிந்தது. வண்டல் மண்ணும் அப்படித்தான். காட்டுக்கு அடிக்க விவசாயிகளுக்கு இலவச அனுமதி உண்டு. 2024இலிருந்து தாசில்தார் அளவிலேயே வாங்கலாம். முன்கூட்டியே சொல்லியிருந்தால் அவர்களே டிராக்டரில் அள்ளிப்போயிருப்பார்கள். கரையில் குவிக்கும் தொல்லையும் இல்லை, டீசல் செலவும் பாதி.

இன்னொன்று. சீமைக் கருவேலத்தைப் பிடுங்கும் வேகத்தில் குளத்துக்குள் நின்ற நாட்டுக் கருவேல மரங்களையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டோம். கொக்கு, நாரை வந்து அடையும் மரங்கள் அவை. ஜேசிபி ஓட்டும் பையனுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. தெரிந்த எங்களில் ஒருவரும் அன்று வெயிலில் நிற்கவில்லை.

மரம் நட்டால் எல்லோருக்கும் நல்லதா?

எங்கள் சங்கம் ஒரு ஜூன் மாதம், சுற்றுச்சூழல் தினத்தில், மேய்ச்சல் புறம்போக்கில் ஐந்நூறு கன்று நட்டது. எங்கள் பக்கம் மழை குறைவு, வருவதும் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில். ஜூனில் நட்டால் நாலு மாதம் டேங்கர் தண்ணீர் ஊற்ற வேண்டும். அது போதாதென்று, ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் நேரே கடைக்கு வந்துவிட்டார். "ஏனுங்க, மரம் வெக்கறது நல்லதுதானுங்க. ஆட்ட நாங்க எங்க ஓட்டிட்டுப் போறதுங்க?"

காங்கேயம் பக்கத்து மேய்ச்சல் நிலமான கொறங்காட்டைப் பார்த்தவர்களுக்கு அவர் கேட்டது புரியும். கொழுக்கட்டைப் புல், நடுவில் தள்ளித் தள்ளி வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. மாடும் ஆடும் அதில்தான் பிழைக்கின்றன. காங்கேயம் காளையே அந்தப் புல்லில் வளர்ந்ததுதான். நிலம் இருப்பவருக்குச் சொந்தக் கொறங்காடு உண்டு. இல்லாதவருக்குப் புறம்போக்குத்தான் கொறங்காடு. வேப்பங்கன்றைக் கம்பி வேலி போட்டு நட்டது சேவை என்று நாங்கள் நினைத்தோம். அவருக்கு அது மேய்ச்சல் போன கணக்கு. பிறகு வேலியைப் பிரித்து, சந்தைப் பேட்டையிலும் சுடுகாட்டுப் பாதையிலும் அறுபது கன்று மட்டும் நட்டு, ஒவ்வொன்றையும் பக்கத்துக் கடைக்காரர் பொறுப்பில் விட்டோம். அறுபதுக்கு ஐம்பது இன்று நிழல் தருகிறது.

வசூல் நோட்டோடு கிளம்புவது

பொங்கல் வந்தால் ஒரு நோட்டு, மாரியம்மன் நோம்பி வந்தால் ஒரு நோட்டு, வெள்ளம் வந்தால் ஒரு நோட்டு. கடைக்காரர் நோட்டைக் கண்டதும் உள்ளே போய்விடுவார். நம் வியாபாரிகளுக்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது: மகமை. ஐநூற்றுவர் என்ற பழைய வணிகக் குழுவினர் தங்கள் சரக்கின்மேல் பொதிக்கு இவ்வளவு என்று தாங்களே விதித்துக் கோயிலுக்கு எழுதி வைத்ததைக் கல்வெட்டுகளில் பார்க்கலாம். பட்டணப்பகுடி என்று அதற்குப் பெயர். மூட்டைக்கு ஒரு ரூபாய் என்று பில்லிலேயே பிடித்தால் யாருக்கும் வலிக்காது, வருஷம் முழுக்க வந்துகொண்டும் இருக்கும். ஆனால் அதை விவசாயி தலையில் கழிக்கக் கூடாது. வாங்கும் வியாபாரியின் பங்கிலிருந்து போனால்தான் மகமை, விவசாயியிடம் பிடித்தால் அது கமிஷன்.

சங்கத்தை 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிந்திருக்க வேண்டும்; ஏழு பேர் இருந்தால் போதும். பதிந்த கையோடு ஃபைலைப் பீரோவில் பூட்டி வைக்கிறார்கள் பலர். வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டி, கணக்கை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். பணம் தலைவரின் சொந்த அக்கவுண்டில் இருக்கவே கூடாது, அவர் எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும். நன்கொடை ரசீதில் 'வரிவிலக்கு உண்டு' என்று அச்சடிக்கும் பழக்கமும் ஆபத்து. 80ஜி விலக்கு, பதிவு செய்த சங்கம் என்பதாலேயே கிடைக்காது. வருமான வரித் துறையிடம் தனியாக அங்கீகாரம் வாங்க வேண்டும். உறுப்பினர் நலனுக்காக நடக்கும் வியாபாரச் சங்கத்துக்கு அது கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தவருக்கு விலக்கு இல்லை, புதிய வரிமுறைக்கு மாறியவருக்கு எப்படிக் கொடுத்தாலும் இல்லை. பெரிய மில்களிடம் சிஎஸ்ஆர் நிதி, அதாவது கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணம், கேட்கப் போகிறவர்களிடம் சிஎஸ்ஆர்-1 பதிவு எண் கேட்பார்கள். இது இல்லாமல் நாங்கள் இரண்டு தடவை டீ குடித்துவிட்டுத் திரும்பினோம்.

தராசை மறந்த தருமம்

எனக்கு உறுத்தும் தவறு இதுதான். நோட்டுப் புத்தகம் கொடுத்தோம், கண் சிகிச்சை முகாம் நடத்தினோம். அதே வருஷம் எங்கள் உறுப்பினர் ஒருவர் கொப்பரை வாங்கிய பணத்தை ஆறு மாதம் இழுத்தடித்தார். விவசாயி சங்கத்துக்கு வந்து முறையிட்டார். "அது உங்க ரெண்டு பேர் விவகாரமுங்க" என்று அனுப்பிவிட்டோம். அவர் பிள்ளைக்கும் அந்த வருஷம் நாங்கள் நோட்டுக் கொடுத்திருந்தோம்.

பெரிய அளவில் இதை நொய்யல் ஆறு பார்த்திருக்கிறது. பாசனத்துக்காகக் கட்டி 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் இடமாகிப்போனது. கிணறு கெட்டது, காடு கெட்டது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அங்கே அத்தனை வருஷம் இலவச முகாம்கள் நடக்காமலா இருந்திருக்கும்? தொழிலால் வரும் கெடுதலை வேறு இடத்தில் தருமம் செய்து நேராக்க முடியாது.

இப்போது எங்கள் துணை விதியில் இரண்டு வரி இருக்கிறது. தராசு முத்திரை காலாவதியான கடைக்கும், சரக்கு வாங்கி முப்பது நாளில் பணம் தராதவருக்கும் சங்க நிர்வாகத்தில் இடமில்லை. அதைக் கொண்டுவந்த பொதுக்குழுவில் நாற்காலி பறந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உறுப்பினர் யார் என்பதிலும் தவறு நடக்கிறது. ஒரே சாதிக்காரர்கள், அதிலும் பெரிய கடைக்காரர்கள் மட்டும் கூடினால் அது பங்காளிக் கூட்டம். வாரச் சந்தையில் சாக்கு விரித்து உட்காரும் அம்மா, சலூன் வைத்திருப்பவர், சைக்கிள் கடைக்காரர் எல்லாரும் வியாபாரிகள்தான். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. இது தெரியாமல் யாரிடமோ ஆயிரம், இரண்டாயிரம் கொடுத்தவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். சங்கத்தில் ஒரு பையன் அரை மணி நேரம் உட்கார்ந்தால் தீரும் வேலை. மில்லில் வேலை செய்யும் ஒடிசா, பீகார்க் குடும்பங்களும் இந்த ஊர்க் கடைகளில்தான் மளிகை வாங்குகின்றன. முகாமுக்கு அவர்களைக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

போன மாதம் உரக்கடைக்காரர் பள்ளிக்குப் போய் அந்த மெஷினைப் பிரித்துப் பார்த்தார். மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறதாம். மெம்ப்ரேனும் ஃபில்டரும் மாற்றச் சங்கத்தில் தீர்மானம் போட்டிருக்கிறோம். கழிவுத் தண்ணீரைக் கழிப்பறைத் தொட்டிக்குத் திருப்பக் குழாயும் வாங்கியாயிற்று. கல்வெட்டில் புது நிர்வாகிகள் பெயரைச் சேர்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லி, கல்லுக்குக் கீழே பெயிண்டில் ஒரு போன் நம்பர் மட்டும் எழுதச் சொல்லியிருக்கிறோம்.