பழைய சபைக்குப் புதிய போதகராகச் செல்பவர்களுக்கு

நீண்ட காலமாக இயங்கிவரும் ஒரு சபையின் பொறுப்பை ஏற்கும் போதகருக்கு முதலாம் ஆண்டின் தலையாய வேலை, அந்தச் சபையை அறிந்துகொள்வதே. வேதாகமத்தில், எருசலேமுக்கு வந்த நெகேமியா மூன்று நாள் அமைதியாக இருந்து, பின்பு சில மனிதரோடு இரவில் புறப்பட்டு, தம் மனதில் இருந்ததை ஒருவருக்கும் சொல்லாமல் இடிந்த அலங்கத்தை, அதாவது நகர மதிலை, பார்வையிட்டார். கட்டுவோம் வாருங்கள் என்ற அழைப்பு அதன் பின்னரே வந்தது.

சபையை அறிய வீட்டுச் சந்திப்பைவிடச் சிறந்த வழி இல்லை. ஆராதனைக்கு வர இயலாமல் படுக்கையில் இருக்கும் முதியோரிடமிருந்து தொடங்குங்கள். ஜெபித்தவுடன் எழுந்துவிடாமல், சபை தழைத்திருந்த காலம் எது, மனம் புண்பட்ட காலம் எது என்று கேட்டு, குறுக்கிடாமல் செவிகொடுங்கள். ஆட்டம் கண்டுவிட்ட அந்தப் பழைய பிரசங்க பீடம், இளவயதில் இறந்த மகனின் நினைவாக ஒரு தாய் செய்து கொடுத்தது என்பது அப்படி ஒரு வீட்டில்தான் தெரியவரும். அதை விசாரிக்காமல் கிடங்குக்கு அனுப்பிவிட்டால், அதன்பின் எத்தனை நல்ல பிரசங்கம் செய்தாலும் அந்தக் குடும்பத்தின் காதில் ஏறாது.

ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள், சொத்துப் பத்திரங்கள், தணிக்கை செய்யப்பட்ட கணக்குகள் ஆகியவற்றைச் செயலாளர், பொருளாளர் முன்னிலையில் சரிபார்த்துப் பெற்றுக்கொள்ளுங்கள். கமிட்டியின் பழைய கூட்டக் குறிப்புகளையும் பொறுமையாக வாசியுங்கள். எந்தப் பொருள் திரும்பத் திரும்ப எழுந்து, முடிவின்றி ஒத்திவைக்கப்பட்டதோ, பெரும்பாலும் அங்கேதான் ஆறாத புண் இருக்கும்.

மாற்றம் தேவைப்படும் இடத்திலும் காலம் கனிய வேண்டும். 1729இல் இன்றைய அமெரிக்காவிலுள்ள நார்தாம்ப்டன் சபையில் தம் தாத்தா சாலமன் ஸ்டாடர்டுக்குப் பின் பொறுப்பேற்ற ஜோனத்தன் எட்வர்ட்ஸ், திருவிருந்தில் பங்குபெறுவது குறித்து ஸ்டாடர்டு ஏற்படுத்தியிருந்த வழக்கத்தைப் பிற்காலத்தில் மாற்ற முனைந்தபோது, இருபது ஆண்டுகளுக்கு மேல் அவரிடம் போதனை பெற்ற அதே மக்கள் 1750இல் அவரை விலக்கினார்கள். அவர் கொண்ட கொள்கை சரியா என்பது வேறு கேள்வி. முந்தைய போதகரின் வழக்கம் மக்களின் மனதில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கும் என்பதை இது காட்டுகிறது. 1782இல் கேம்பிரிட்ஜின் ஹோலி டிரினிட்டி ஆலயத்துக்கு வந்த சார்லஸ் சிமியனை அங்கிருந்தோர் விரும்பவில்லை. கதவு வைத்த தங்கள் இருக்கைகளைப் பூட்டிவிட்டுப் போனார்கள், கேட்க வந்தவர்கள் நடைபாதையில் நிற்க நேர்ந்தது. அவரோ பொறுமையாகப் பிரசங்கித்துக்கொண்டே இருந்து, 1836இல் மரிக்கும்வரை அதே ஆலயத்தில் ஊழியம் செய்தார். எதிர்ப்பைக் கண்டு முதல் ஆண்டிலேயே மனம் தளரும் இளம் போதகர்களுக்கு நான் அவரையே சுட்டிக்காட்டுவேன்.

முந்தைய போதகரைப் பற்றிப் பொது மேடையிலோ தனிப் பேச்சிலோ குறைவாகப் பேசாதீர்கள். அவரோடு உங்களை ஒப்பிட்டுப் புகழ்பவர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். சபையார் அவரைத் திருமணத்துக்கோ அடக்க ஆராதனைக்கோ அழைக்க விரும்பினால், அந்த அழைப்பு உங்கள் வழியாகச் செல்லும்படி அவரோடு ஆரம்பத்திலேயே அன்போடு பேசி முடிவு செய்யுங்கள். உங்கள் துணைவியாரிடமும் பிள்ளைகளிடமும் சபை எதை எதிர்பார்க்கிறது என்பதையும் மூப்பர்களிடம் வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். கேட்காமல் விட்டால், எழுதப்படாத எதிர்பார்ப்புகள் அவர்கள்மேல்தான் விழும்.

காத்திருக்கக் கூடாதவையும் உண்டு. பிள்ளைகளின் பாதுகாப்பில் குறை தெரிந்தாலோ, காணிக்கைப் பணத்தை ஒருவரே எண்ணி ஒருவரே வைத்திருப்பது கண்ணில் பட்டாலோ, ஓராண்டு பொறுத்திருக்க வேண்டாம். அந்த வாரமே மூப்பர்களைக் கூட்டிச் சரிசெய்யுங்கள். பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்திருப்பதாகத் தெரிந்தால், சபையின் பெயர் கெடுமே என்று தயங்காமல் காவல்துறையிடம் தெரிவியுங்கள்.